கடைசிக்கு வைத்திருந்த வீடு

என்னைப் பார்க்கிறவர்கள் இப்போது சொல்லும் முதல் வார்த்தை, "நல்லாயிட்டீங்க லா!" என்பதுதான். முடி வளர்ந்துவிட்டது, அதுவும் முன்பு இல்லாத சுருளோடு. கன்னம் உப்பிவிட்டது. பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோய் வந்த ஆளு மாதிரியே இல்லையே, இன்னும் கலராயிட்டீங்க" என்பாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வருவேன். வேறு என்ன சொல்வது? காலையில் பல் துலக்கிவிட்டுக் கட்டிலில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகுதான் முகம் கழுவப் போகிறேன் என்று மீன்கடை முன்னால் நின்று விளக்கவா முடியும்?

மார்பில் கட்டி. அறுத்து எடுத்தார்கள், கீமோ ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து, "ரிப்போர்ட் கிளியர்" என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அந்தக் கிண்ணத்தைப் பிடிக்க என் கையில் தெம்பில்லை, மடியில் வைத்துக்கொண்டுதான் குடித்தேன். மருந்து அசதி, கொஞ்ச நாளில் போய்விடும் என்றார்கள். நோய் போய்விட்டது. அசதி மட்டும் தங்கிவிட்டது. படுத்து எழுந்தால் தீருகிற அசதி என்றால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ரசத்தில் விழுந்த அப்பளம் மாதிரிதான் கிடப்பேன். சில நாள் காரணமே இல்லாமல் உடம்பு லேசாக இருக்கும். அதை நம்பி அலமாரியை ஒதுக்கினால், அடுத்த மூன்று நாளும் கட்டில்தான்.

டாக்டர், பாவம், ஒளிக்கவில்லை. "சிலருக்கு இது ரொம்ப நாள் இருக்கும்மா. கொஞ்சம் நடங்க, கொஞ்சம் படுங்க. சக்தியைப் பார்த்துச் செலவு பண்ணுங்க" என்றார். அதை வீட்டில் வந்து சொன்னால் யார் காதில் ஏறுகிறது? நோய்க்குப் பெயர் இருந்தபோது எல்லாரும் ஓடி வந்தார்கள். அசதிக்கு யார் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள்?

பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் குனிந்து சிப்புகளைப் பரிசோதித்தவள் நான். திரும்ப வேலைக்குப் போனேன். ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். லென்ஸில் கண்ணை வைத்தபடியே தூங்கிப்போனதை உடன் வேலை பார்த்தவர்கள் பார்த்தும் பாராதது போல் இருந்தார்கள். அவர்கள் அப்படி இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானாகவே நின்றுவிட்டேன். அதற்குக்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை. நான் சொல்ல வந்த வருத்தம் வேறு. அது என் அக்காவைப் பற்றியது.

நாங்கள் இருப்பது தீவில். அக்கா கடலுக்கு அந்தக் கரையில், பாகான் டாலாமில், ஒரு அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கிறாள். மாமா இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. எனக்குக் கீமோ ஏற்றிய காலம் முழுக்க, பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, மறுபடி பஸ் பிடித்து, நாட்டுக்கோழி சூப்போடு வந்து நிற்பாள். குமட்டுகிறது என்று நான் தலையைத் திருப்பினால், "நீயா குடிக்கிறியா, மூக்கப் புடிச்சு ஊத்தவா?" என்பாள். கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தபோது என்னைக் குளியலறையில் உட்கார வைத்து மொட்டையடித்தவள் அவள்தான். அடித்து முடித்து, நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தலையில் தேய்த்துக்கொண்டே, "பொறந்தப்பவும் இப்படித்தான் இருந்த. அப்பவும் அழுமூஞ்சிதான்" என்றாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் சிகிச்சை முடிந்த பிறகு அவளும் மற்றவர்களைப் போலத்தான் பேசினாள். "படுத்தே கெடந்தா எலும்பு துருப்பிடிச்சிடும். எழுந்து நட." இந்த ஒரு பேச்சை வைத்து, அக்காவுக்கும் என் அசதி புரியவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நான் லேசில் மாறுகிறவள் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஜொகூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் வீட்டில் அவசரப்பட்டார்கள், மண்டபமும் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தவை கொஞ்சம் சனி ஞாயிறுகள்தான். அதற்குள் பத்திரிகை வைத்து முடிக்க வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் பத்திரிகை வைப்பது என்றால் சும்மா இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், கல்கண்டு எல்லாம் வைத்து, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு தேடிப் போய், நின்று, தட்டை நீட்டி அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கார்டு வந்தால், "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்பார்கள். போன வீட்டில் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், நம் நோய்க்கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போய் வந்தால் மறுநாள் என்னால் கையைத் தூக்கித் தலை வார முடியாது.

முதல் பத்திரிகை தண்ணீர்மலை முருகனுக்கு. நான் அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், என் வீட்டுக்காரர் மட்டும் தட்டோடு படியேறிப் போய் வந்தார். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் அப்படியா?

அதனால் ஒரு கணக்குப் போட்டேன். முறுக்கிக்கொள்கிற ஆட்களை முதலில் முடித்துவிடுவது. என் வீட்டுக்காரரின் அண்ணன், பாலிக் புலாவில் இருக்கும் அவருடைய சித்தப்பா, பழைய பக்கத்துவீட்டுக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக. அக்காவை மட்டும் கடைசிக்கு வைத்தேன். முறைப்படி பார்த்தால் கூடப் பிறந்தவளுக்குத்தான் முதலில் வைக்க வேண்டும். ஆனால் அக்கா நம் ஆள், அவளுக்கு என்ன சொன்னாலும் புரியும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. மற்ற வீடுகளில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்து வருவது போல் அங்கே போய்விட்டு வர எனக்கு மனமில்லை. எல்லாம் முடித்து, கடைசி ஞாயிறு முழுவதும் அவள் வீட்டில் இருந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் கட்டிலில் படுத்துவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நடுவில் நலங்கு விஷயம் வேறு. மகளுக்கு முதல் நலங்கு அக்காதான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். என் நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மொத நலங்கு சுமங்கலி கையால வைக்கிறதுதானே மொற" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "என் மொட்டைத் தலையில எண்ணெய் வச்ச கைம்மா அது. அதவிட மங்களமான கை எந்த வீட்டுல இருக்கு, காட்டு பாப்போம்" என்று கேட்டுவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அக்காவும் தயங்கினாள். "எதுக்குடி வம்பு? அவங்களே வைக்கட்டும்." நான் விடவில்லை. "நீ வைக்கலன்னா நலங்கே கெடையாது" என்றேன். அதற்கப்புறம் அவள் வாயே திறக்கவில்லை, சந்தோஷப்பட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நாத்தனாரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்ததால் அவள் வீட்டுக்குச் சனிக்கிழமை போனோம். அடுத்த நாள்தான் அக்கா வீடு. நாத்தனார் விடவில்லை. சாப்பாடு, பேச்சு, பட்டுப்புடவைகளை விரித்துக் காட்டல், சோபாவில் சாய்ந்து ஒரு படம். அந்தப் படத்தில் நான் வாய்கொள்ளாமல் சிரிக்கிறேன். அடுத்த நாளுக்கு எடுத்து வைத்திருந்த தெம்பு முழுவதையும் அந்தச் சிரிப்புக்குச் செலவழித்துவிட்டேன். அவள் அன்று சாயங்காலமே அதை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை எழ முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் சுவர் சாய்கிறது. வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "நீ படு. நானும் பிள்ளையும் போய் வச்சிட்டு வரோம்" என்றார். நான்தான் தடுத்தேன். "நான் இல்லாம நீங்க போய் நின்னா அவ மனசு என்ன பாடுபடும்? வேணாம். நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னிக்கு முடியலக்கா. ஒரே அசதியா இருக்கு."



"அசதியா?"

"ஆமாக்கா. அடுத்த வாரம் கட்டாயம் வரேன்."

"கல்யாணமே அடுத்த வாரந்தான."

"வாரத்துல ஒரு நாள் வந்துடுறேன்க்கா."

"சரி, படு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாளும் என்னால் முடியவில்லை. மகள் பெரியம்மாவுக்குக் கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நலங்குக்கு முந்தின நாள் அக்கா போன் பண்ணினாள். முட்டி வலி, வர முடியாது என்றாள். நான் கொதித்துப் போனேன். தினமும் நான்கு மாடி ஏறி இறங்குகிறவளுக்கு என் மகள் கல்யாணத்துக்குத்தான் முட்டி வலிக்குமா? நேரில் வைக்கவில்லை என்று ரோஷம், வேறு என்ன! "அப்ப நீ உன் முட்டியக் கட்டிக்கிட்டே இரு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நலங்கு மாலையில் மனையில் உட்கார்ந்திருந்த மகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பெரியம்மா வரட்டும், இரும்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். நானும் இருந்து பார்த்தேன். நேரமாகிறது என்று பெரியவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நாத்தனார்தான் முதல் நலங்கு வைத்தாள். பாவம், அன்று அவள் ஒரு வார்த்தை கூடத் தப்பாகப் பேசவில்லை. மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் நான் மணப்பெண் அறையில் பட்டுப்புடவையோடு தரையில் படுத்துத் தூங்கிவிட்டேன். மகளும் மருமகனும் காலில் விழ என்னைத் தேடினார்களாம். எழுப்ப மனமில்லாமல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். வீடியோவில்தான் பார்த்தேன்.

அதன் பிறகு ஐந்தாறு மாதம் நானும் அக்காவும் பேசவில்லை. தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை. ஊரில் ஒருத்திக்கும் என் அசதி புரியாது, சொந்த அக்காவுக்கே புரியவில்லை என்று படுத்துக்கொண்டே சுவரோடு சண்டை போட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் உடம்பு லேசாக இருந்தது. அப்படி ஒரு நாள் கிடைத்தால் துணி மடிப்பேன், சாம்பார் வைப்பேன். அன்று என்னவோ எதற்கும் கை போகவில்லை. மிஞ்சிக் கிடந்த பத்திரிகையில் ஒன்றை எடுத்தேன். தட்டைக் கழுவித் துடைத்து, வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ, பழம் எல்லாம் வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "முடிஞ்ச கல்யாணத்துக்கா?" என்றார். "காடிய எடுங்க" என்றேன். அக்கா இருக்கும் கரைக்குக் காரில் பாலம் தாண்டினோம். அங்கே போய்ச் சேர்ந்ததும், "நீங்க கீழ கடையில தே தண்ணி குடிச்சிக்கிட்டு இருங்க. சண்டைன்னா எங்களோட போகட்டும்" என்று சொல்லி இறங்கினேன்.

லிஃப்ட் ஓடவில்லை. அது எப்போது ஓடியது? ஒரு மாடி ஏறினேன். இரண்டாவது மாடி வந்தபோது கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி இறங்கவும் முடியாது, மேலே போகவும் முடியாது. நன்றாக மாட்டிக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வயதான மலாய்க்கார அம்மா ஒருவர், நாங்கள் மக்சிக் என்போம், எட்டிப் பார்த்தார். பார்த்ததும் உள்ளே போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். "டுடுக், டுடுக்" என்று கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

உட்கார்ந்ததும் மலாயில் கேட்டார், நான்காம் மாடிக்காரியின் தங்கைதானே நீ என்று. ஆமாம் என்றேன், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்றைக்கு வருவதாக இருந்தாயே, அந்தத் தங்கைதானே?"

எனக்கு விளங்கவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். கொஞ்ச மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலையில் என் அக்கா இறங்கி வந்தாளாம். படியெல்லாம் பெருக்கினாளாம். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் தட்டி ஒரு நாற்காலி இரவல் கேட்டாளாம். என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், தங்கச்சி அழைக்க வருகிறாள், பெரிய நோயிலிருந்து எழுந்தவள், சட்டென்று களைத்துப் போவாள், உட்கார்ந்து உட்கார்ந்து வரட்டும் என்று சொன்னாளாம். ஒவ்வொரு மாடி முனையிலும் ஒரு நாற்காலி போட்டு, ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தாளாம். இந்தச் சிவப்பு நாற்காலியும் அதில் ஒன்று. ரொம்ப நேரம் கழித்து அவளே வந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாளாம்.

நான் மக்சிக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒருத்திக்கும் புரியவில்லை என்று சுவரோடு சண்டை போட்டேனே, ஒருத்திக்குப் புரிந்திருக்கிறது. எவ்வளவு தூரம் ஏறினால் நான் உட்காருவேன் என்பதுவரை புரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. மக்சிக் பயந்துபோய் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா இறங்கி வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"மேல வர்றியா, இல்ல இங்கனயே வச்சுக் கூப்பிட்டுட்டுப் போயிடுறியா?"

"ஏன்க்கா நீ கல்யாணத்துக்கு வரல?"

"நீ ஏன் கூப்பிட வரல?"

"அசதின்னு சொன்னேனே!"

அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீ வர்றதா இருந்ததுக்கு முந்தின நா சாயங்காலம் உன் நாத்தனா வூட்டுல சிரிச்சிக்கிட்டு இருந்த போட்டோவ நான் நீ போன் பண்ணப்பறந்தான் பாத்தேன். அவங்க வூட்டுக்குப் போவ முடிஞ்சிருக்கு, இங்க வர மட்டும் அசதியான்னு தோணுச்சு. நலங்கு விஷயத்துல அவங்க என்னமோ சொல்லிட்டாங்க, உனக்கு எங்கிட்ட அதச் சொல்ல வாய் வரல, அசதின்னு சமாளிக்கறன்னு நெனச்சேன். நான் வந்து நின்னா நீ எனக்காக அங்கயும் சண்டைக்கு நிப்ப. உன் வாயி எனக்குத் தெரியாதா? பிள்ள கல்யாணத்துல எதுக்கு அதெல்லாம். அதான் முட்டி வலின்னு சொன்னேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா."

"நீதான் போன வச்சிட்டியே."

உலகத்தில் யாருமே நம்பாத என் அசதியை நம்பி நாற்காலி போட்டவள், அந்த ஒரு நாள் மட்டும் நம்பாமல் போனாள். அது என் சிரிப்பைப் பார்த்து. எனக்காகத்தான் வராமலும் இருந்திருக்கிறாள்.

தட்டை அவளிடம் நீட்டினேன். உட்கார்ந்தபடிதான், நிற்கத் தெம்பில்லை. "பெரியம்மா நீதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று, எல்லா வீட்டிலும் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னேன். அவள் பத்திரிகையை எடுத்துப் பிரித்து, மகள் பெயரை விரலால் தடவினாள். பழத்தை எடுத்தாள், பூவை எடுத்தாள். குங்குமத்தை மட்டும் தொடவில்லை. மாமா போனதிலிருந்து அவள் கை அந்தக் கிண்ணத்துக்குப் போவதில்லை.

"எடு" என்றேன்.

"சும்மா இருடி."

"எடுக்கறியா, நான் இந்தப் படியிலயே படுத்துக்கவா?"

சிரித்துவிட்டாள். ஒரு துளி எடுத்து என் நெற்றியில் வைத்தாள். என் மொட்டைத் தலையில் எண்ணெய் தேய்த்த அதே விரல்.

அந்த விரல் பட வேண்டிய நெற்றி என்னுடையது இல்லை. அது என் மகளுடையது, ஜொகூரில் இருக்கிறது. அவளுக்கு இனி ஒரு நலங்கு இல்லை.

அக்கா என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு என்னை எழுப்பினாள். பின்னால் மக்சிக் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த மாடியில் போடுவதற்காக எங்களோடு ஏறி வந்தார்.